டைக்ளோஃபெனாக் ஜெல், மருந்து சேர்த்ததும் கூழாகிவிடுகிறது. உதவுங்கள்

ஜெல்லோடு மல்லுக்கட்டுபவள்:
எம்.ஃபார்ம் ப்ராஜெக்டுக்கு வலிநிவாரணி டைக்ளோஃபெனாக் சோடியம் 1 சதவீத ஜெல் செய்கிறேன். ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமர் கார்போபால் 940 அரை சதவீதம், கரைப்பானாக ப்ரொப்பிலீன் கிளைக்கால் 10 சதவீதம், கெடாமலிருக்க பாரபென், மீதி தண்ணீர். இரவு முழுக்க ஊறவைத்து, டிரைஎத்தனாலமைன் என்ற காரத்தை விட்டு பிஹெச் 6.8க்குக் கொண்டுவருகிறேன். மருந்தில்லாத ஜெல் கரண்டியில் கூம்பாக நிற்கிறது. மருந்தைக் கிளைக்காலில் கரைத்து ஊற்றிக் கலக்கினால் ஐந்தே நிமிடத்தில் வழிகிறது.

விஸ்கோசிட்டி (பாகுத்தன்மை) அளக்கும் ப்ரூக்ஃபீல்ட் மீட்டரில் 6ஆம் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) போட்டேன். மருந்தில்லாதது 10 ஆர்பிஎம்மில் 42,000 சென்டிபாய்ஸ், 50 ஆர்பிஎம்மில் 12,000. மருந்து சேர்த்தது 10 ஆர்பிஎம்மில் 6,000. மூன்று தடவை செய்தும் இதே கதைதான்.

நைட்ஷிஃப்ட்:
பிஹெச் இறங்கியிருக்கும். டிரைஎத்தனாலமைன் இன்னும் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள்.

ஜெல்லோடு மல்லுக்கட்டுபவள்:
விட்டேன் அண்ணா. பிஹெச் 9.4 போய் இன்னும் இளகிவிட்டது.

கல்வம்:
இனி விடாதீர்கள் தங்கச்சி. உங்கள் வில்லன் பிஹெச் இல்லை, மருந்தோடு வரும் சோடியம்.

கார்போபால் கெட்டியாவதே, அதன் சங்கிலியில் உள்ள எதிர்மின் கார்பாக்சிலேட்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான். தள்ளத் தள்ளச் சங்கிலி விரிந்து, ஒவ்வொரு துகளும் ஊறிய சப்ஜா விதை போல உப்பி, பக்கத்துத் துகளோடு நெருக்கியடித்து நிற்கும். சோடியம் வந்து அந்த மின்னூட்டத்தை மறைத்தால் தள்ளல் குறையும், துகள் சுருங்கும், இடைவெளி விழும், ஜெல் வழியும். 1 சதவீத மருந்து என்றால் லிட்டருக்குச் சுமார் 31 மில்லிமோல் சோடியம். அரை சதவீதக் கார்போபாலுக்கு அது அதிகம். அளவு மீறிய டிரைஎத்தனாலமைனும் அயனிதான், அதனால்தான் மேலும் இளகியது.

நம்பிக்கை வராவிட்டால், மிச்சமிருக்கும் மருந்தில்லா ஜெல்லை வாட்ச் கிளாஸில் ஒரு கரண்டி வைத்து, மெஸ்ஸிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துத் தூவிக் கிளறுங்கள். கண்ணெதிரே தண்ணீராகும். வியர்த்த கையில் இந்த வகை ஜெல் தடவினால் சட்டென்று நீர்த்துப்போவதும் இதனால்தான்.

இன்னொன்று. 6ஆம் ஸ்பிண்டிலில் 10 ஆர்பிஎம்முக்கு அளக்கக்கூடிய முழு அளவு 1,00,000 சென்டிபாய்ஸ். உங்கள் 6,000 என்பது வெறும் 6 சதவீத டார்க் (முறுக்கு விசை). 10 சதவீதத்துக்குக் கீழே வரும் எண்ணை நம்பக் கூடாது. 4ஆம் ஸ்பிண்டில் போடுங்கள். ரெக்கார்டில் ஸ்பிண்டில், ஆர்பிஎம், வெப்பநிலை மூன்றும் இல்லாமல் விஸ்கோசிட்டியை எழுதாதீர்கள். இது வேகம் கூடக் கூட இளகும் பொருள், 42,000, 12,000 இரண்டும் உண்மைதான்.

நைட்ஷிஃப்ட்:
சோடியம் உப்புக்குப் பதில் டைக்ளோஃபெனாக்கின் டைஎத்திலமைன் உப்புக்கு மாறலாமே? கடையில் கிடைக்கும் ஜெல்கள் பலவற்றில் அதுதானே?

கல்வம்:
மாறலாம். அதில் 1.16 கிராம், 1 கிராம் சோடியம் உப்புக்குச் சமம். ஆனால் அதுவும் உப்புதான், பெரிய மாயம் எதிர்பார்க்க வேண்டாம். கார்போபாலை 1 சதவீதமாக்குங்கள். இல்லையென்றால் எச்பிஎம்சி கே4எம் என்ற செல்லுலோஸ் வகைப் பாலிமரைப் போடுங்கள். அதற்கு மின்னூட்டம் இல்லாததால் இந்த அளவு உப்பைச் சட்டை செய்யாது. பொடியை முதலில் 80 டிகிரி வெந்நீரில் பரப்பி, அப்புறம் குளிர்ந்த நீர் சேர்க்கவும். நேராகப் பச்சைத் தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகும். ஹோமோஜினைசர் பக்கம் கார்போபாலைக் கொண்டுபோகாதீர்கள். சங்கிலி அறுந்தால் ஒட்டாது.

ஜெல்லோடு மல்லுக்கட்டுபவள்:
உப்புத் தூவினேன் அண்ணா, கிளறி முடிப்பதற்குள் பாயசம். கைடுக்கும் காட்டினேன், சிரித்துவிட்டார். 4ஆம் ஸ்பிண்டிலில் பழைய பேட்ச் 6,800, டார்க் 34 சதவீதம். 3 சதவீத எச்பிஎம்சியில் மருந்து சேர்த்தும் ஜெல் இளகவில்லை. ஆனால் காய்ந்ததும் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கார்போபால் 1 சதவீதம் இன்று இரவு ஊறப்போட்டிருக்கிறேன்.