கடலில் நின்றுபோன இன்ஜின்: நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் ஃபைபர் படகு வைத்து மீன்பிடித்துவரும் என் மைத்துனருக்காக எழுதுகிறேன். நகையை அடகு வைத்து அவர் வாங்கிய அவுட்போர்டு இன்ஜின், ஓராண்டு உத்தரவாதம் முடிய ஐந்து மாதம் இருக்கையிலேயே கடலில் நின்றுபோய், பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. கடைக்காரரோ, உப்புநீர் புகுந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று உத்தரவாத அட்டையின் பின்புறம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியைக் காட்டுகிறார். கடலில் ஓட்டுவதற்கென்றே விற்ற இன்ஜினுக்கு இது என்ன நியாயம்?

தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்றும் அவர் சொல்கிறார். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7), சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. ஓரிருவர் துணையோடு தொழில் செய்பவரும் நுகர்வோரே என்று 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மைத்துனருடன் மூன்று பேர் பங்குக்கு வருவதைக் காட்டி மனுவைத் தள்ளிவிடுவார்களோ என்பதே எங்கள் அச்சம்.

மீனவர் சார்பில் இத்தகைய வழக்கு நடத்தியவர்கள் இருந்தால் வழிகாட்டுங்கள். இன்ஜினைப் பிரிக்காமல் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம். பழுதின் காரணத்தை நிரூபிக்க யாரிடம் பரிசோதனை அறிக்கை பெறுவது, அல்லது சோதனைக்கு அனுப்புமாறு ஆணையத்திடமே முதலில் கேட்பதா? ரசீது, அட்டை, கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் கைவசம் உள்ளன. முறையிட இரண்டாண்டு அவகாசம் உண்டென்றாலும், படகு கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடகு வட்டி ஏறுகிறது.