கள அஞ்சலக முத்திரையைக் கொண்டு பயிற்சி முகாமின் ஊரைக் கண்டறிய உதவி தேவை

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்த என் தாத்தாவும் பாட்டியும், 1943 இறுதி முதல் 1944 கோடை வரை எந்தப் பயிற்சி முகாமில் வாழ்ந்தனர் என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.

பாட்டி கும்பகோணத்துக்கு எழுதிய கடிதங்கள் இப்போது சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் உள்ளன. முகாமின் பெயரைத் தணிக்கையாளர் கத்தரித்து எடுத்துவிட்டார். தாளின் பின்பக்கத்தில் இருந்த ரசப்பொடி அளவும் அதோடு பாதி போய்விட்டது. தகரக் கூரை வீடு, மலேரியாவுக்கான மெபாக்ரின் மாத்திரையால் தோல் மஞ்சளித்த சிப்பாய்கள், காட்டுப் பயிற்சியிலிருந்து தாத்தா சேறும் முள்கீறலுமாகத் திரும்பிய மாலைகள் என அத்தனையும் எழுதியவர், ஊரைப் பற்றிச் சொன்னது 'சின்ன ரயில்' என்பது மட்டுமே.

1943இல் காட்டுப்போர்ப் பயிற்சிக்கென மாற்றப்பட்ட 14ஆம், 39ஆம் டிவிஷன்கள் முறையே சிந்த்வாராவிலும் சகாரன்பூரிலும் இருந்தன. குறுகிய பாதை ரயில் இரண்டு ஊர்களிலுமே ஓடியதால் அக்குறிப்பு பயன்படவில்லை. அக்கால இராணுவ அதிகாரிகள் பட்டியலில் தாத்தாவின் நியமன நாள் உண்டு, பணியிடம் இல்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தேடியதிலும், வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு எழுதியதிலும் பலனில்லை. உறைகளில் கள அஞ்சலக (படையினருக்கான இராணுவ அஞ்சலகம்) முத்திரை தெளிவாக இருக்கிறது. அதில் எண்ணும் தேதியும் உண்டு, ஊர்ப்பெயர் கிடையாது.

இந்தியக் கள அஞ்சலகங்கள் எந்த எண்ணில், எந்தத் தேதியில், எந்த ஊரில் இயங்கின என்று காட்டும் பட்டியல் இங்குள்ள தபால்தலைச் சேகரிப்பாளர் யாரிடமாவது இருக்கிறதா?