பாத்திரம் விளக்கும் லிக்விடில் கார் கழுவினேன்: மூன்று மாதத்தில் கண்டது

வீடு உச்சிப்புளி, வேலை மண்டபத்தில். ஞாயிறுதோறும் பாலம் தாண்டித் தங்கச்சிமடத்தில் மாமனார் வீட்டுக்குப் போவோம். கார் அடர்நீலம், 2019இல் வாங்கியது. கடன் அடைந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதனால் இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

போன ஆனியில், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்த நேரம், கார் ஷாம்பு தீர்ந்துபோனது. ராமநாதபுரம் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். வண்டியைப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. அடுக்களையில் பாத்திரம் விளக்கும் லிக்விட் இருந்தது. மீன் சட்டிப் பிசுக்கையே எடுக்கிறதே, இதை எடுக்காதா என்று ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி ஊற்றினேன்.

முதல் நாள் உண்மையிலேயே அருமையாக இருந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. குளிக்கிற சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்துபோகும். இந்த லிக்விடோ வாளி நிறைய நுரை தந்தது. கழுவித் துடைத்ததும் கதவில் கை வைத்தால் கீச்சென்று சத்தம் வந்தது. இவ்வளவு சுத்தமாக இந்த வண்டி ஒருநாளும் இருந்ததில்லை என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஷாம்பு வாங்கும் எண்ணமே விட்டுப்போனது. வாரம் ஒரு முறை, ஆவணி முடியும்வரை அதேதான்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் பானெட்டில் விழும் மழை, சேம்பு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது ஈரத்துணி போட்ட மாதிரி அப்படியே விரிந்து படுத்துக்கிடந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தேன். பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். கதவோரக் கறுப்பு ரப்பர் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அப்புறம் கார்த்திகையில், இடது பின்கதவின் அடிவிளிம்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம். நகத்தால் அழுத்தினேன். பெயின்ட் முட்டை ஓடு மாதிரி உடைந்து, உள்ளேயிருந்து செங்கல் பொடியாகத் துரு கொட்டியது. என் காரை நானே கெடுத்துவிட்டேனே என்று அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

ராமேசுவரம், டாக்ஸி ஓட்டுபவர்:

அண்ணே, நான் பதினோரு வருடமாகத் தனுஷ்கோடி சவாரி ஓட்டுகிறேன். 2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறந்த பிறகு ஒரு நாளைக்கு இரண்டு நடை, சீசனில் மூன்று நடை. முகுந்தராயர் சத்திரம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கடல்தான். கச்சான் நேரத்தில் மணல் சாலையைக் குறுக்கே கடந்து போவது கண்ணுக்கே தெரியும். அந்த மணல் கதவிலும் பானெட்டிலும் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பாஞ்சை வைத்துத் தேய்த்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். உங்கள் சிலந்தி வலைக் கீறல் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். கார் ஷாம்பு வழவழப்பாக நின்று மணலை வழுக்கிவிடும். பாத்திர லிக்விடுக்கு அந்த வேலை தெரியாது.

எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த பெரியவர் ஒன்று சொன்னார்: "உப்புக்கு எதுக்கு சோப்பு? உப்பு தண்ணியிலயே கரையும்டா." அதைத்தான் இன்றும் செய்கிறேன். கடைசிச் சவாரி முடிந்ததும் கை வைக்காமல் ஹோஸ் பிடித்து மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடிப்பேன். டயருக்கு மேலே உள்ள வளைவுக்குள், வண்டிக்கு அடியில், கூடுதலாக இரண்டு நிமிடம். துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஷாம்பு வாரம் ஒரு தடவை, ஒரு வாளிக்கு ஒரு மூடி.

லிக்விடாவது பரவாயில்லை. எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பி, சோப்புக்கட்டியும் பச்சை நாரும் வைத்து முதலாளியின் வெள்ளை வண்டிக் கூரையைத் தேய்த்தான். கட்டியில் சட்டி தேய்ப்பதற்கென்றே கல்மாவு சேர்த்திருப்பார்கள். கூரை முழுக்க மினுமினுப்பு போய்ச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. பாலிஷ் செலவை அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். பாவம், அவனுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

நானும் அந்த லிக்விடை வைத்திருக்கிறேன், ஆனால் ஒரே ஒரு வேலைக்கு. மீன் லாரிக்குப் பின்னால் போனால் ஐஸ் தண்ணீர் தெறித்து முன்கண்ணாடியில் எண்ணெயாகப் படியும். வைப்பர் போட்டால் இன்னும் இழுகும். அதற்கு நாலு சொட்டு, கண்ணாடியில் மட்டும். கால்மிதி ரப்பரையும் கழற்றி வெளியே போட்டு அதில் கழுவலாம், மீன் வாடை போகும்.

*

கீழக்கரை, பள்ளியில் வேதியியல் எடுப்பவர்:

அந்தப் பெரியவர் சொன்னது அப்படியே உண்மை. லிக்விடில் உள்ள மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய் இருந்தால்தான் அதற்கு வேலை. உங்கள் வண்டியில் மீன் குழம்பு இல்லை, ஆனால் பெயின்டைக் காக்க மேலே பூசும் மெழுகு, அதாவது வேக்ஸ் இருந்தது. அதுவும் எண்ணெய்ப் பசைதான். அதைத்தான் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறது. கீச்சென்று சத்தம் கேட்டதே, அது வேக்ஸ் போன சத்தம். வாளி நிறைய நுரை வந்ததற்கும் காரணம் உண்டு. குளிக்கிற சோப்பு, தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும். லிக்விடுக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த உப்பு என்று நம் ஊரில் ஒன்று கிடையாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கசியும். அடுக்களை உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். வண்டியில் படிந்த உப்பும் அப்படித்தான், இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். இரும்புக்கு அதைவிடக் கேடு வேண்டாம்.

எங்கள் வாப்பாவின் காரை நான்தான் கழுவுவேன். போர் தண்ணீர் மட்டும் ஊற்றினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். குடிதண்ணீர் குடம் விலைக்கு வாங்குகிற ஊரில் அதை எடுத்து வண்டிக்கு ஊற்ற மனசு வராது. அதனால் ஏசி குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். நம் கடற்காற்றின் ஈரத்துக்கு விடிவதற்குள் பாதி வாளி சேர்ந்துவிடுகிறது. அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர், உப்பே இல்லை. கடைசி அலசலுக்கு அதை ஊற்றி மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஒரு புள்ளி நிற்பதில்லை. வாப்பா சந்தோஷமாகத் தடவிப் பார்ப்பார்.

*

ராமநாதபுரம், டிங்கரிங் பெயின்டிங் பட்டறை:

தம்பி, உங்கள் துருவுக்கு அந்த லிக்விட் காரணமில்லை. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேக்ஸ் போனது, ரப்பர் வெளுத்தது, அது லிக்விடால் இருக்கலாம். ஆனால் பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமன்கூட வராது. ஆனாலும் மூன்று மாத நுரைக்கெல்லாம் அது கரையாது. கதவின் அடிவிளிம்பில் கொப்புளம் வந்தால் துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். அது வடிவதற்குக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். மணலும் உப்பும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் கதவுக்குள்ளே உப்புக் குட்டைதான். மண்டபம், பாம்பன், தேவிப்பட்டினம், தொண்டி, எந்தக் கடலோர ஊர் வண்டி என்னிடம் வந்தாலும் முதலில் அந்த ஓட்டையைத்தான் பார்ப்பேன். பத்து வண்டிக்கு ஏழு வண்டி அடைத்துத்தான் இருக்கும்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருவைத் தடுக்கிற பாலிசிலோக்சேன் பூச்சு கொடுத்து, கம்பிக்குத் துருப்பிடிக்காத எஃகு போட்டிருக்கிறார்கள். இந்தக் காற்று அப்படிப்பட்டது. நம் வண்டிக்கு நாம் செய்ய முடிவது தண்ணீரும் வேக்ஸும்தான்.

ஓட்டையை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், விளிம்புப் பெயின்டைக் கீறிவிடும். கொப்புளம் இருக்கும் இடத்தைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் அடித்துப் பெயின்ட் போட வேண்டும். இப்போதே வந்தால் சின்ன வேலை. அடுத்த கச்சான்வரை விட்டால் தகட்டை வெட்டி ஒட்டுப்போட வேண்டியிருக்கும். வேக்ஸ் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த லிக்விடில் கழுவுவது தப்பில்லை. பழைய வேக்ஸை எடுக்க நாங்களே அப்படிச் செய்வதுண்டு.

*

உச்சிப்புளி:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் சொன்னபடி இன்று காலையில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு கதவுக்கு அடியில் குனிந்தேன். ஓட்டை இருக்கும் இடமே தெரியவில்லை, மணல் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. மூன்றாவது குத்தில் உடைந்தது. பழுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டி, கூடவே கால் கைப்பிடி மணலும் ஒரு குட்டிச் சிப்பி ஓடும் விழுந்தன. மற்ற மூன்று கதவுகளில் இரண்டு அடைத்துத்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வருகிறேன் அண்ணே.

கீழக்கரை லாத்தா, ஏசிக்குக் கீழே வாளி வைத்தாயிற்று.