பழைய சேமக்காலையைப் பதிந்து பாதுகாக்க ஒரு சங்கம்: எங்கிருந்து தொடங்குவது?

முல்லைக்கரை:
வணக்கம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் பழைய சேமக்காலை (கிறிஸ்தவ மயானம்) ஒன்று இருக்கிறது. ஒரு பாதியில் இப்போதும் அடக்கம் நடக்கிறது. மற்றப் பாதி பற்றைக்காடு, அதற்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லறைகள். சில சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை, சில கருங்கற் பலகைகள், இரண்டொரு மாபிள். ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்களும் சேர்ந்து, சந்தா கட்டும் அங்கத்தவர்களோடு ஒரு சங்கம் அமைக்க யோசிக்கிறோம். நவம்பர் 2 ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் பற்றையை எரித்து, கல்லுகளை அசிட் போட்டுக் கழுவி, எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். இது சரியா? சங்கம் முதலில் எதைச் செய்ய வேண்டும்? யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?

ஒட்டுசுட்டான் வாசி:
எரிப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வன்னியில் ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள் வெடிக்காத எறிகணையும் மிதிவெடியும் கிடக்கலாம். அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலர் மூலமும் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகம் மூலமும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். அதற்கு முன் ஒருவரும் உள்ளே கத்தி வைக்க வேண்டாம். வெடிபொருள் இல்லாத இடத்திலும் நெருப்பு கூடாது. சூட்டில் கருங்கல் மேற்பரப்பு ஏடேடாக உரியும், மாபிள் மாவாக உதிரும்.

பற்றையைக் கையால் வெட்டுங்கள். கட்டடத்துக்குள் வேர் விட்ட ஆலையும் அரசையும் இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்துவிட்டு, தளிர்க்கத் தளிர்க்க வெட்டிவர வேண்டும்.

அனுமதி யாருடைய காணி என்பதைப் பொறுத்தது. கத்தோலிக்கச் சேமக்காலை என்றால் பங்குத்தந்தையிடமும் அவர் வழியாக மறைமாவட்டத்திடமும் கடிதம் எடுங்கள். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் யாழ்ப்பாண மறைமாவட்டம், வவுனியாவும் மன்னாரும் 1981இல் பிரிந்த மன்னார் மறைமாவட்டம். பொது மயானம் பிரதேச சபையின் கீழ் வரும். முஸ்லிம் மையவாடியில் மீசான் கட்டைகளை (அடக்கம் செய்த இடத்தில் நடும் அடையாளங்களை) பதிவதென்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு முதலில் கதையுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அவற்றில் அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றம். எந்தத் திணைக்களத்துக்கு எழுதினாலும், எழுதுவதற்கு முன் உங்கள் பதிவேடும் படங்களும் முழுமையாக உங்கள் கையில் இருக்கட்டும்.

சுண்ணாம்புச்சாந்து:
துப்புரவு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கூடுதலான சேதம் அங்கேதான் நடக்கிறது. காலம் நூறு வருடத்தில் செய்யாததை ஒரு போத்தல் அசிட் ஒரு காலையில் செய்துவிடும். மாபிளும் சுண்ணாம்புக் கல்லும் கல்சியம் காபனேற்று. அசிட் பட்டால் பொங்குவது அழுக்கு அல்ல, கல்லேதான். புளீச் வேறு விதம்: வெளுத்துக் காட்டும், ஆனால் உப்பைக் கல்லுக்குள் விட்டுவிடும். கோடையில் அந்த உப்பு பளிங்காக வளர்ந்து மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளும். கம்பி பிறஷ், கிறைண்டர், அமுக்கத் தண்ணீர் மெசின் மூன்றும் கிட்டவும் வரக் கூடாது.

வேண்டியது தண்ணீர், மெல்லிய நைலோன் பிறஷ், மரக் குச்சி. தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர், அதால் கழுவுவது உப்பேற்றுவதுதான். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அல்லது பவுசரில் நன்னீர் எடுங்கள். தொடங்க முதல் விரல் மூட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டாலோ துகள் உதிர்ந்தாலோ அந்தக் கல்லைத் தொட வேண்டாம், பதிந்துவிட்டு விடுங்கள். உறுதியான கல் என்றால் முழுதாக நனைத்து, கீழிருந்து மேலே தேய்த்து, அவ்வப்போது ஊற்றிக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வடிந்து கோடு விழும். கற்பாசி நனைந்து ஊறினால்தான் இளகும். ஊறவிட்டு மரக் குச்சியால் சுரண்டுங்கள், காயும்போது சுரண்டினால் கல்லின் தோலும் கூடவே வரும். முழுக்க வெள்ளையாக்க வேண்டியதில்லை, எழுத்து வாசிக்க முடிந்தால் அங்கே நிறுத்துங்கள்.

பெயின்ற் வேண்டாம். எனாமலும் இமல்சனும் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். அதைவிட, எழுத்துக்கு மை பூசுபவர் தேய்ந்த எழுத்தைத் தன் ஊகப்படி நிரப்புவார். 3 என்பது 8 ஆகும், பிறகு அந்தப் பிழைதான் நிலைக்கும்.

சாந்து பூசிய மேடைகளுக்கு வெள்ளையடிப்பது நல்ல பழக்கம், ஆனால் சுண்ணாம்பால், எழுத்துப் பலகையை விட்டு. பாலாகக் கரைத்து மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். வெடிப்புக்குச் சீமெந்து போடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. சீமெந்து பழைய சாந்தைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பக்கத்துப் பழைய சாந்தாலும் செங்கல்லாலும் வெளியேறி அவற்றை உதிர்க்கும். அதற்குப் பதில் போட வேண்டியது: நீற்றி, தண்ணீருக்குள் சில கிழமையாவது புளிக்க வைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் தவிர்க்கவும். பழைய பரப்பை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் போடாமல், ஒரு கிழமைக்கு நனைந்த சாக்கால் மூடி வையுங்கள். சோளகக் காற்றில் மூடாமல் விட்டால் அடுத்த நாளே வெடிக்கும்.

நவம்பர் மாரி தொடங்கும் காலம், சாந்து வேலைக்கு உதவாது. அதை மாசி, பங்குனியில் வையுங்கள். திருநாளுக்கு புல் வெட்டி, குப்பை அள்ளி, விளக்கு வைக்க இடம் செய்தால் போதும்.

பதிவேடு:
சங்கத்தின் முதல் வேலை பதிவுதான். கற்சிலைமடுவில் வன்னி அரசன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் 1803இல் தோற்கடித்ததாகப் பொறித்த கல் போருக்குப் பின் உடைபட்டது. அது கல்லறை அல்ல, போர் நினைவுக்கல். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்குச் சொல்ல முடிவது, முன்பே எழுதி வைத்தவர்களால்.

முதலில் வரைபடம். சேமக்காலையின் நீளவாட்டில் ஒரு நாடா விரித்து, அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் குறுக்குத் தூரம் அளந்து குறியுங்கள். கைபேசி ஜி.பி.எஸ். பல மீற்றர் பிழைக்கும், நெருக்கமான கல்லறைகளைப் பிரித்துக் காட்டாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், ஆனால் கல்லில் எழுத வேண்டாம், படத்துக்குள் ஒரு சிறு பலகை வையுங்கள். உயரம், அகலம், தடிப்பு, முகம் பார்க்கும் திசை, கல்லின் வகை, சேதம் எல்லாம் ஒரே படிவத்தில்.

தேய்ந்த எழுத்துக்கு மா, சோக், சவர நுரை பூசாதீர்கள். சாய்ந்த வெளிச்சம் போதும். கிழக்குப் பார்த்த நிமிர்ந்த கல்லுக்கு மத்தியானத்தை ஒட்டி வெயில் உரசிப்போகும், அந்த அரை மணித்தியாலத்தில் எடுங்கள். வடக்குப் பார்த்ததற்கு இருட்டிய பின் பக்கவாட்டில் ரோச் பிடியுங்கள், அல்லது பகலில் நிலைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்புங்கள்.

வாசகத்தை வரிக்கு வரி, பொறித்தபடியே எழுதுங்கள். பழைய கற்கள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. திருத்திய வடிவத்தைத் தனி வரியில் போடுங்கள். தமிழ் இலக்கங்கள் வந்தால் ௲௮௱௫௰௬ என்பது 1856. வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடச் சுற்றைக் கவனியுங்கள்: பிரபவ 1867இலும் வரும், 1927இலும் வரும். சித்திரையில் தொடங்குவதால் 1867 பிரபவ வருடத் தை மாதம் 1868 ஜனவரியில் விழும். பங்கின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எந்தச் சுற்று என்பது தெளியும். 1913இல் கொழும்பில் அச்சான ஜே. பி. லூயிஸின் கல்லறைச் சாசனப் பட்டியலையும் பாருங்கள். பெரும்பாலும் ஐரோப்பியர் கற்கள்தான் அதில். உங்கள் ஊர்த் தமிழ்க் கற்களுக்கு நீங்கள் எழுதப்போவதே முதற் பட்டியலாக இருக்கலாம்.

முல்லைக்கரை:
மிக்க நன்றி. ஒரு கருங்கற் பலகை நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. பெடியள் நாலைந்து பேர் தூக்கி நிமிர்த்தலாமா? சந்தா, கணக்கு விசயங்களையும் யாராவது சொல்லுங்கோ.

சுண்ணாம்புச்சாந்து:
தூக்க வேண்டாம் தம்பி. ஒன்றரை மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கருங்கல் ஏறத்தாழ 240 கிலோ. வழுக்கினால் கால் போகும், கல்லும் இரண்டாகும். முக்காலியும் செயின் புளொக்கும் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். கல்லுக்கும் பட்டிக்கும் இடையில் சாக்கு வைக்க வேண்டும். மூன்றிலொரு பங்கு மண்ணுக்குள் போகும்படி குழி வெட்டி, சல்லியும் மணலும் அடுக்கடுக்காகப் போட்டு இடியுங்கள். கொங்கிறீற் ஊற்றினால் அடுத்த முறை சாயும்போது கல் அந்த விளிம்பிலேயே முறியும். முறிந்த துண்டுகளை இரும்புக் கம்பி வைத்து ஒட்டவும் கூடாது, துரு ஊதிக் கல்லைப் பிளக்கும்.

பதிவேடு:
முன்மாதிரிக்கு: தெற்காசிய மயானங்களுக்கான பிரித்தானியச் சங்கம் 1976இலும், அமெரிக்கக் கல்லறைக்கல் ஆய்வுச் சங்கம் 1977இலும் தொடங்கின. இரண்டும் அங்கத்தவர்களைக் கொண்டு நடப்பவை, இரண்டும் தொடர்ந்து வெளியீடு போடுபவை. நீங்களும் வருடம் ஒரு சிறு வெளியீடாவது அனுப்புங்கள். வெளிநாட்டு அங்கத்தவர் காசோடு நிற்காமல், வீட்டில் கிடக்கும் பழைய மரணச் சான்றிதழ், படம் என்பவற்றின் பிரதிகளைத் தரட்டும்.

பிரதேச செயலகத்தில் பதிந்து, யாப்பில் இரண்டு விடயம் கட்டாயம் எழுதுங்கள்: எந்தக் கல்லறைக்கும் சங்கம் உரிமை கோராது, வாரிசுகள் தெரிந்த கல்லறையில் அவர்களின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேலை நடக்காது. வங்கிக் கணக்குக்கு இருவர் கையெழுத்து. சந்தாவைக் குறைவாக வைத்து, திருத்த வேலைக்குத் தனி நிதி திரட்டுங்கள். போரில் இறந்த போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்களை இந்தப் பதிவேட்டோடு கலக்க வேண்டாம். அங்கே தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்கள், என்ன செய்வது என்பது அவர்களுடைய முடிவு.

பதிவேட்டுக்கு மூன்று பிரதி: ஒன்று பங்கில், ஒன்று நூலகத்தில், ஒன்று நாட்டுக்கு வெளியே. படங்களைக் கைபேசியில் மட்டும் விடாதீர்கள், படிவங்களைக் கடதாசியிலும் அச்சடித்துக் கட்டி வையுங்கள்.