ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித்தோட்டத்தில் என்னென்ன முடிக்கணும்?

தாம்பரத்திலிருந்து:
வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்கில் இறங்கும். அதுக்குள்ள செடி வளர்க்கும் பைகளின் வேலை முடியணும். அடைமழையில் செடி சாவது பெரும்பாலும் பூச்சியால் இல்லை, வேர் மூச்சுத் திணறித்தான். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமமாகப் போட்ட கலவை கோடைக்கு அருமை. மழைக்கு ஆகாது, நார்க்கழிவு குடித்த தண்ணீரை லேசில் விடாது. அதைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மணல் சேருங்க. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் சலித்து, மாவுபோன்ற தூளை நீக்கணும். தூளோடு போட்டால் பை இறுகிவிடும்.

பழைய பைகளில் அடித்துளையைக் குச்சியால் குத்திப் பாருங்க, வேர் அடைத்திருக்கும். ஒரு சொம்பு ஊற்றியதும் மேலே குளம் கட்டினால் அந்தப் பையைக் கொட்டி மறுபடி நிரப்புவதே நல்லது. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் ஏற்றுங்க.

கடலூரிலிருந்து:
நாற்றுக் கணக்கையும் சேர்த்துக்கோங்க. விதைத்ததிலிருந்து நாற்று நடத் தயாராக தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30–35, மிளகாய்க்கு 40 வரை. மழைக்கு முன்னால் நட்டு வேர் பிடிக்கணும் என்றால், மிளகாயை ஆவணியிலேயே விதைத்திருக்கணும். தவறவிட்டவங்க முள்ளங்கி, கொத்தவரை என்று நேரடியாக ஊன்றுங்க.

தண்டு மண்ணோடு சேருமிடத்தில் நீர்கோத்துச் சுருங்கி நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கி விதைப்பதும் மாலையில் தண்ணீர் ஊற்றுவதும்தான் அதை வரவழைக்குது. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம்; வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறின கஞ்சித் தண்ணீரில் பிசறி நிழலில் உலர்த்தி விதைங்க. ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலந்தால் டிரைக்கோடெர்மாவே செத்துப்போகும்.

மதுரையிலிருந்து:
கத்தரிக்கோலை எடுத்ததும் எல்லாத்தையும் வெட்டிடாதீங்க. ரோஜாவுக்கு அக்டோபரில் கவாத்து (கிளை வெட்டுவது) சரி. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம்தான், தரையிலிருந்து 45–50 செ.மீ. விட்டு. முல்லைக்கு ஜனவரி கடைசி. இப்பவே மல்லியை வெட்டினால் தளிர் முழுக்க மழையில் மாட்டும்.

முருங்கை வேறு கதை. கட்டை உளுத்த மாதிரி மென்மையானது, காற்றில் கிளை முறிந்து விழும். நீண்ட கிளைகளைக் கழித்துவிடுங்க.

வேளச்சேரியிலிருந்து:
மொட்டைமாடி வடிகுழாய் வாயை யாரும் சொல்லலை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 மி.மீ. பெய்தால் 100 லிட்டர். சருகும் நாரும் வாயை அடைத்தால் அத்தனை எடையும் தளத்துக்குத்தான், கசிவும் கீழ்வீட்டுக்குத்தான். வாய்க்கு வலைக்கூடை போடுங்க. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துடுங்க, டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். நிழல்வலையையும் கழற்றுங்க, வெளிச்சம் குறையுற நாளில் அது தேவையில்லை, காற்றடித்தால் பாய்மரம் மாதிரி கம்பியையே சாய்க்கும்.

தாம்பரத்திலிருந்து:
பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்க நினைக்கிறவங்களுக்கு: லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்குங்க, இல்லாட்டி எண்ணெய் மிதந்து இலை கருகும். மேகம் மூடின அன்னைக்கு அடிக்காதீங்க, மழை வந்தா கழுவிட்டுப் போயிடும்.