பண்ணைக்குட்டைக்கு (நிலத்தில் தண்ணீர் சேமிக்க வெட்டும் குட்டை) ஷீட் விரிப்பவர்கள் கவனத்துக்கு: மூன்று ஊர்க்காரர்கள் சொல்வது

பல்லடம் பக்கம், செம்மண் நிலம்:
செம்மண்ணிலும் சரளையிலும் வெட்டிய குட்டையில் தண்ணீர் நிற்காது. 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) கனமுள்ள எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் ஷீட் போட்டே ஆக வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது மேல் அளவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேலே 20-க்கு 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர், சரிவு 1-க்கு 1.5 (ஒரு மீட்டர் இறங்க 1.5 மீட்டர் உள்ளே வருவது) என்றால் அடித்தளம் 11 மீட்டர். சரிவின் நீளம் பக்கத்துக்கு 5.4 மீட்டர். அடித்தளத்தோடு இரண்டு பக்கச் சரிவையும் கூட்டினால் 21.8. கரைமேல் அரை மீட்டர், ஷீட்டைப் புதைக்கும் காணுக்குள் (கரையில் வெட்டிய பள்ளம்) இறங்க அரை மீட்டர், காணின் தரையில் அரை மீட்டர் எனப் பக்கத்துக்கு 1.5 சேருங்கள். 24.8 ஆகிறது. தொய்வுக்கும் சேர்த்து 25.5 மீட்டர் சதுரமாகக் கேளுங்கள். இந்தக் குட்டை நிறைந்தால் சுமார் 7.4 லட்சம் லிட்டர் பிடிக்கும்.

ஒட்டன்சத்திரம் பக்கம்:
பல்லடத்து அண்ணன் சொன்ன அந்தத் தொய்வுதான் ஷீட்டின் உயிர். உச்சி வெயிலில் ஷீட் நீளும். ராத்திரி குளிரில் 25 மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்கூடச் சுருங்கும். மத்தியானம் விறைப்பாக இழுத்துக் காணை மூடிவிட்டால், மறுநாள் காலையில் சரிவும் தரையும் சேரும் மூலையில் ஷீட் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் தண்ணீர்ப் பாரம் ஏறினால் முதலில் பிளப்பது அந்த மூலையும், ஷீட் துண்டுகளைச் சூட்டில் இணைத்த வெல்டிங் தையலும்தான். காலைக் குளிர்ச்சியில் மூலைகளில் தளர விட்டு, அடியில் ஓரடித் தண்ணீர் கட்டி ஷீட் படிந்த பிறகே காணில் மண் போட்டு இடியுங்கள்.

அதற்கு முன் பொக்லைன் பல் கிளறிவிட்ட கூர்க்கல்லைக் கையால் பொறுக்கி, சலித்த மண்ணை 10 செ.மீ. பரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். கோரைக்கிழங்கை விட்டுவைத்தால் முளை ஊசிபோல ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தோண்டி எடுப்பதே நல்லது.

ஒன்றை மறக்கவே கூடாது. நனைந்த ஷீட்டில் கால் நிற்காது, நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க விடுங்கள், சுற்றி வேலி போடுங்கள்.

விளாத்திகுளம் பக்கம், கரிசல்:
எங்கள் மண்ணுக்குப் பெரும்பாலும் ஷீட் தேவைப்படாது. மண்ணை ஈரப்பதத்தில் 15 செ.மீ. அடுக்கடுக்காகப் போட்டு இடித்தால் போதும். அடியோடு வற்ற விட்டால் மட்டும் பாளம் பாளமாக வெடித்து, அடுத்த மழைநீர் அந்த வெடிப்பு வழியே போகும்.

தண்ணீர் குறைந்தால் உடனே ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் கல் போட்டு, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி குட்டைக்குள் நிறுத்துங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் மட்டத்தைக் குறித்து, மழையில்லாத மூன்று நாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயில் குடித்த தண்ணீர். வெளியே அதிகமாக இறங்கினால் கசிவு. இறங்கிக்கொண்டே வந்து எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அந்தக் கோட்டைச் சுற்றித் தேடினால் ஓட்டை சிக்கும். எச்.டி.பி.இ.யில் பசை எதுவும் நிலைத்து ஒட்டாது. அதே ஷீட்டில் ஓட்டையைத் தாண்டிச் சுற்றிலும் 15 செ.மீ. வருகிற துண்டை வெட்டி, இரண்டையும் துடைத்துக் காயவைத்து, சூடான காற்று வெல்டிங்கில்தான் ஒட்ட வேண்டும்.