மைக்ரோசேனலில் பிரித்தெடுப்பும் செறிவூட்டலும்: சிப் எங்கே காலை வாரியது? (அனுபவப் பகிர்வு)

ஒய்முனை:
சிப்பில் பிரித்தெடுத்தது கோபால்ட்-நைட்ரோசோநாப்தால் சேர்மம், நீரிலிருந்து எம்-சைலீன் என்ற கரைப்பானுக்கு. இரண்டும் ஒய் வடிவ முனையில் நுழைந்து, ஒரே கால்வாயில் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடி, கடைசி ஒய்யில் பிரியும். கண்ணாடி சிப், கால்வாய் 200 மைக்ரான் அகலம், 50 ஆழம், 3 செ.மீ. நீளம். நீர் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர், சைலீன் 1.5. சைலீனுக்குப் பாகுத்தன்மை குறைவு, அதனால்தான் இந்த வித்தியாசம். சமமாகத் தள்ளினால் இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு நடுவில் நிற்காது. நீர் உள்ளே இருப்பது 9 விநாடி. சேர்மம் விரவிக் கடக்க ஏறக்குறைய போதும்.

இருபது நிமிடம் வரை எல்லைக்கோடு கீறி வைத்த மாதிரி அசையாமல் நிற்கும். பிறகு கடைசி ஒய் பிரிவில் சைலீன் பக்கமாகத் தொப்பை போடும், கழுத்து சிறுக்கும், ஒரு நீர்மணி சைலீன் வழியில் நழுவிப் போய்விடும். கோடு பழையபடி நேராகிவிடும். மறுபடி இருபது நிமிடம். சிரிஞ்ச் பம்பை மாற்றினாலும் அதே கணக்கு.

கோளாறு சிப்புக்கு வெளியே. நீர் வெளியேறும் டியூபின் நுனியில் தொங்கும் சொட்டுதான். 1.6 மி.மீ. டியூபில் ஒரு சொட்டு சுமார் 20 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 1 என்றால் அதே இருபது நிமிடம். சொட்டு அறுந்ததும் நுனியில் புதிதாக உருளும் வளைவு 180 பாஸ்கல் வரை பின்னோக்கி அழுத்தும். இரண்டு நுனிகளையும் அதனதன் திரவத்துக்குள் முக்கி வைத்ததும் நீர்மணி நின்றது. குப்பிகளின் மட்டமும் முக்கியம்: 1 செ.மீ. நீர் என்பது 100 பாஸ்கல்.

கண்ணாடிப்பட்டறை:
சொட்டு வெறும் தீக்குச்சி, வைக்கோல் போர் சுவர்தான். சைலீன்-நீர் இடைமுக இழுவிசை மீட்டருக்கு 37 மில்லிநியூட்டன், ஆழம் 50 மைக்ரான்; எல்லை 1480 பாஸ்கல் வரை தாங்கும் என்று தாளில் வரும். அது, எல்லை எதையாவது பிடித்துக்கொண்டு நின்றால். வெறும் கண்ணாடி முழுக்க நீருக்கே சாதகம், சின்ன உந்தலுக்கே நீர் சுவரோடு ஊர்ந்து போகும். நுனியை முக்கியது நல்லதுதான், ஆனால் நாளைக்கு பம்ப் ஒரு முறை குலுங்கினால் மணி திரும்ப வரும்.

சைலீன் ஓடும் பாதிக்கு மட்டும், கண்ணாடியில் நீர் ஒட்டாமல் செய்யும் ஆக்டாடெசில்டிரைகுளோரோசிலேன் பூசுங்கள். ஹெக்ஸாடெகேனில் கரைத்து ஒரு பக்கம், வெறும் ஹெக்ஸாடெகேன் மறுபக்கம், சில நிமிடம் ஓடவிட்டு ஹெக்ஸேன், மெத்தனால் என்று கழுவினால் போதும். கால்வாயில் ஈரம் துளி இருந்தாலும் சிலேன் வெள்ளையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும், சிப் குப்பைக்குத்தான். அடுத்த கட்டத்தில் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவுவீர்கள் என்றால் பூச்சு நாளடைவில் அரிக்கும். அங்கே, எல்லை பிடித்துக்கொள்ளக் கால்வாய்த் தரையின் நடுவில் நீளவாக்கில் மேடு விட்ட சிப்தான் சரி.

பஃபர்மாற்றி:
செறிவூட்டல் பக்கம் யாரும் வரவில்லை. நீர்த்த மாதிரியை ஏற்றி, மின்புலத்தால் ஒரே கோடாக அடர்த்தியாக்கும் முறை. மாதிரி, ஃப்ளூரசீன் என்ற பச்சையாக ஒளிரும் சாயம், 2 மில்லிமோலார் போரேட் பஃபரில்; மீதிக் கால்வாய் முழுக்க 20 மில்லிமோலார். மின்புலம் போட்டதும் மாதிரியின் பின்விளிம்பில் மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு. 1 செ.மீ. தாண்டுவதற்குள் புகை போலக் கலைந்துவிட்டது. மாதிரியை நீளமாக ஏற்றியதன் பலன். நீர்த்த பகுதியில் புலம் பத்து மடங்கு, அங்கே மின்சவ்வூடு ஓட்டமும் (மின்புலம் திரவத்தையே இழுத்துச் செல்லும் ஓட்டம்) வேகம். மற்ற பகுதி அதற்கு ஈடுகொடுக்காததால் உள்ளுக்குள் அழுத்தம் எழுந்து அந்தப் பச்சைப் பட்டையை வளைத்துவிடுகிறது. மாதிரியைக் குட்டையாக ஏற்றினால் கோடு நிற்கும், பத்து மடங்கு செறிவு மட்டும் கிடைக்காது.

குமிழி:
பட்டை கலைவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள். பஃபரை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுங்கள். கால்வாயை முதலில் எத்தனாலால் நனைத்துவிட்டுப் பிறகு பஃபர் விடுங்கள், மூலையில் குமிழ் தங்காது. 200 வோல்ட் படிகளில் ஏற்றி மின்னோட்டத்தைக் குறியுங்கள். அந்த வரைபடக் கோடு மேலே வளையத் தொடங்கினால் உள்ளே சூடாகிறது, அந்த வோல்ட்டுக்குக் கீழேயே ஓட்டுங்கள். தொட்டி 100 மைக்ரோலிட்டர்தான் என்றால் மின்பகுப்பிலேயே பிஎச் நகரும், சில ஓட்டத்துக்கு ஒருமுறை பஃபரை மாற்றுங்கள். ஊசியால் ஏற்றும்போது தொட்டி மட்டம் 1 மி.மீ. வேறுபட்டாலும் 10 பாஸ்கல், ஓட்டம் தானாகக் கிளம்பிவிடும். சிப் பிடிஎம்எஸ் (சிலிகோன் ரப்பர்) என்றால் ரோடமைன் பி சாயத்தின் பக்கமே போகாதீர்கள், சுவர் உறிஞ்சிவிடும். சைலீன், டொலுயீன், குளோரோஃபார்ம் விட்டால் சுவரே உப்பிக் கால்வாய் சுருங்கும்.

ஒய்முனை:
குமிழி, சிப் கண்ணாடி என்று முதலிலேயே எழுதியாயிற்று. கண்ணாடிப்பட்டறை, அந்த மேடு எவ்வளவு உயரம்?

கண்ணாடிப்பட்டறை:
உங்கள் அளவுக்கு 10 மைக்ரான். அரிப்பின்போது கண்ணாடியை மூடும் முகமூடியில் 20 மைக்ரான் அகலத்தில் இரண்டு திறந்த கோடுகள், இடைவெளி 60. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கீழே அரிக்கும் அளவுக்குப் பக்கவாட்டிலும் அரிக்கும். 50 ஆழம் வரும்போது இரண்டு பள்ளமும் இணைந்து நடுவில் 10 மைக்ரான் கூரான மேடு எஞ்சும், மொத்த அகலம் அதே 200. இடைவெளி 100-க்கு மேல் போனால் பள்ளங்கள் சேரவே சேராது.